பழைய சில்வராடோவில் வண்டி நிற்கப் போகும் நேரத்தில் ஏபிஎஸ் தானாக இயங்கினால்

1999 முதல் 2006 வரை வந்த செவர்லே சில்வராடோ, ஜிஎம்சி சியெரா பிக்கப் வண்டிகளைப் பனிக்காலத்தில் சாலைக்கு உப்புப் போடும் ஊர்களில் வைத்திருப்பவர்கள் பலரும் ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள். சிக்னலுக்கு வந்து வண்டி நிற்கப் போகும் கடைசிச் சில அடிகளில், சாலை நன்றாக உலர்ந்திருந்தாலும், பிரேக் மிதி காலுக்கடியில் படபடவென்று துடிக்கிறது. வண்டிக்கு அடியில் மோட்டார் கரகரவென்று ஓடும் சத்தம் கேட்கிறது. நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி வண்டி உருண்டுபோகிறது. டாஷ்போர்டில் ஏபிஎஸ் (அழுத்திப் பிரேக் பிடிக்கையில் சக்கரம் இறுகி நின்றுவிடாமல் தடுக்கும் அமைப்பு) விளக்கு எரிவதில்லை; பெரும்பாலும் கணினியில் பிழைக் குறியீடு எதுவும் பதிவாவதும் இல்லை. இதனால்தான் பலர் பிரேக் கட்டை, ரோட்டர் (கட்டைகள் கவ்விப் பிடிக்கும் வட்டு), மாஸ்டர் சிலிண்டர் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தும் குறை தீராமல், கடைசியில் ஏபிஎஸ் ஃபியூஸையே பிடுங்கிவிடுகிறார்கள்.

இக்குறைக்குக் காரணம் பெரும்பாலும் முன்சக்கர ஹப்பில்தான், அதாவது சக்கரம் பூட்டப்படும் நடுப்பகுதியில்தான், இருக்கிறது. அங்கே பொருத்தப்பட்டிருக்கும் வேகச் சென்சார் ஒரு காந்தமும் கம்பிச்சுருளும் கொண்ட எளிய பொருள். ஹப்புக்குள் சுழலும் பல்வளையத்தின் பற்கள் அதன் முனையைக் கடக்கும்போது சிறிய மாறுமின்னழுத்தம் பிறக்கிறது. சக்கரம் மெதுவாகச் சுற்றினால் அந்த மின்னழுத்தமும் குறையும். சென்சார் அமர்ந்திருக்கும் இரும்புப் பரப்பில் உப்புநீர் பட்டுத் துருவேறி, அந்தத் துரு அடுக்கடுக்காகப் பொரிந்து சென்சாரை மேலே தூக்கிவிடும்போது, முனைக்கும் பற்களுக்கும் இடையே உள்ள இடைவெளி கூடுகிறது. வேகமாகப் போகையில் சென்சார் தரும் மின்சிக்னல் எப்படியோ போதுமானதாக இருக்கிறது. வேகம் குறைந்ததும் அது அடியோடு மறைந்துவிடுகிறது. ஒரு சக்கரம் மட்டும் திடீரென்று நின்றுவிட்டதாகக் கணினி எண்ணி, அந்தச் சக்கரத்தின் பிரேக் அழுத்தத்தைத் தளர்த்துகிறது.

2005 ஆகஸ்டில் ஜெனரல் மோட்டார்ஸ் இதே காரணத்துக்காக 1999 முதல் 2002 வரையிலான பிக்கப், எஸ்யூவி வண்டிகளில் சுமார் 8 லட்சத்தைத் திரும்ப அழைத்தது. மிச்சிகன், ஒஹையோ, பென்சில்வேனியா, நியூயார்க் உள்ளிட்ட 14 மாநிலங்களில் பதிவான வண்டிகளுக்கு மட்டுமே அந்த அழைப்பு பொருந்தியது. மணிக்கு சுமார் 6 முதல் 16 கிலோமீட்டர் வேகத்தில்தான் இக்குறை தலைகாட்டும் என்றும் அப்போது கூறப்பட்டது. உங்கள் வண்டி அந்த ஆண்டுகளுக்குள் வருமானால், கையில் ஸ்பேனரை எடுப்பதற்கு முன், வண்டி அடையாள எண்ணைக் கொடுத்து நிலுவையில் உள்ள அழைப்பு ஏதும் இருக்கிறதா என்று டீலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஃபியூஸைப் பிடுங்குவதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏபிஎஸ் இல்லாத பழைய வண்டியைப் போல் இதையும் ஓட்டிக்கொள்ளலாம் என்று பலர் நினைக்கிறார்கள், அது சரியன்று. அந்தப் பழைய வண்டிகளில் பின்சக்கரங்களுக்குப் போகும் பிரேக் அழுத்தத்தை மட்டுப்படுத்தத் தனி வால்வு ஒன்று இருந்தது. இந்த வண்டிகளில் அந்த வேலையையும் ஏபிஎஸ் கணினியே செய்கிறது. ஃபியூஸ் போனால் அந்தக் கட்டுப்பாடும் சேர்ந்து போய்விடும். ஏபிஎஸ் விளக்குடன் சிவப்பு பிரேக் விளக்கும் எரிந்தால் அதற்கு இதுவே பொருள். பின்தட்டில் சுமை இல்லாத பிக்கப்பில் பின்பக்கம் ஏற்கெனவே எடை குறைந்தது. ஈரச் சாலையில் அழுத்திப் பிரேக் பிடித்தால் பின்சக்கரங்கள் முதலில் இறுகி, வண்டி பக்கவாட்டில் திரும்பிக்கொள்ளும். எனவே ஃபியூஸை எடுப்பது குறையைக் கண்டுபிடிக்கும் சோதனைக்கு மட்டுமே உதவும். அதைப் பழுதுநீக்கமாக நான் எந்த நிலையிலும் பரிந்துரைக்க மாட்டேன்.

அந்தச் சோதனையை ஆள்நடமாட்டமில்லாத, சமதளமான, உலர்ந்த வாகன நிறுத்துமிடத்தில் செய்யுங்கள். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்துக்கு வந்து, மிதியை மென்மையாக அழுத்தி வண்டியை முழுவதுமாக நிறுத்துங்கள். துடிப்பும் மோட்டார் சத்தமும் வரும்வரை இதைத் திரும்பச் செய்யுங்கள். பிறகு வண்டியை அணைத்து, பானெட்டுக்குக் கீழ் உள்ள ஃபியூஸ் பெட்டியில் ஏபிஎஸ் ஃபியூஸை எடுத்துவிட்டு அதே இடத்தில் அதே வேகத்தில் நிறுத்திப் பாருங்கள். துடிப்பு அறவே நின்றுவிட்டால் குறை ஏபிஎஸ்ஸில்தான் என்பது உறுதி. ஃபியூஸை எடுத்த பின்னும் மிதி துடித்தால், அதிலும் வேகமாகப் போகையில் ஸ்டியரிங்கும் சேர்ந்து அதிர்ந்தால், ரோட்டரைப் பாருங்கள். சோதனை முடிந்ததும், சாலைக்கு வருவதற்கு முன்பே, ஃபியூஸைத் திரும்பப் பொருத்திவிட வேண்டும்.

அடுத்து, எந்தப் பக்கத்துச் சென்சார் என்று அறிய வேண்டும். எஞ்சின் குறியீடுகளை மட்டும் படிக்கும் மலிவான ஸ்கேனர் இதற்கு உதவாது; ஏபிஎஸ் கணினியுடன் பேசி, சக்கர வேகங்களை ஓட்டத்திலேயே காட்டும் கருவி தேவை. நண்பர் ஒருவரை ஓட்டச் சொல்லி, நீங்கள் திரையைப் பார்த்துக்கொண்டிருங்கள். வண்டி நிற்கும் தறுவாயில் மற்றவை 10, 8, 6 என்று இறங்கிக்கொண்டிருக்கும்போது ஒன்று மட்டும் சட்டென்று பூஜ்யத்துக்கு விழும், அதுதான் குற்றவாளி. குறியீடு பதிவாகியிருந்தால், சி0035 இடது முன்சக்கரத்தையும் சி0040 வலது முன்சக்கரத்தையும் குறிக்கும்.

அத்தகைய கருவி இல்லாதவர்கள் மல்டிமீட்டரைக் கொண்டே பெருமளவு முடிவுக்கு வரலாம். பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன்பக்கத்தை ஜாக்கால் தூக்கி, ஸ்டாண்டுகளின் மேல் நிறுத்தி, சென்சார் கம்பியின் இணைப்பைக் கழற்றுங்கள். மின்தடை சுமார் 1000 ஓம் அளவில் இருக்கும். துல்லியமான எண்ணைவிட இடதும் வலதும் ஒத்திருக்கின்றனவா என்பதே முக்கியம். அளந்துகொண்டே கம்பியை வளைத்துப் பாருங்கள், ஏனெனில் சஸ்பென்ஷன் ஆடும் இடத்தில் கம்பி உள்ளுக்குள் அறுந்திருப்பதும் உண்டு. பிறகு மீட்டரை மாறுமின்னழுத்தத்துக்கு மாற்றி, நொடிக்கு ஒரு சுற்று வீதம் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். ஒரு பக்கம் சில நூறு மில்லிவோல்ட் தரும்போது மறுபக்கம் 100-ஐக்கூடத் தொடவில்லை என்றால் இடைவெளி கூடிவிட்டது என்று கொள்ளலாம். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்க்கவும் மறவாதீர்கள். பேரிங்கில் ஆட்டம் இருந்தால் துருவைச் சுத்தம் செய்வதில் பயனில்லை, ஹப்பையே மாற்ற வேண்டும்.

பழுது பார்க்க, சக்கரத்தையும் பிரேக் கட்டைகளைத் தாங்கும் காலிப்பரையும் அதன் பிராக்கெட்டையும் ரோட்டரையும் கழற்ற வேண்டும். காலிப்பரைப் பிரேக் குழாயில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டி வையுங்கள். இப்போது ஹப்பின் மேல், ஒரே ஒரு சிறிய போல்ட்டில் நிற்கும் கருப்புச் சென்சார் தெரியும். அதன் அடிப்புறம் ஒரு பக்கம் தூக்கியிருப்பதும், நடுவில் பழுப்புப் பொருக்கு பிதுங்கி நிற்பதும் கண்ணுக்கே புலப்படும். துரு இளக்கும் எண்ணெயைத் தெளித்துச் சிறிது நேரம் விட்டு, போல்ட்டைக் கழற்றி, சென்சாரை இப்படியும் அப்படியுமாகத் திருகியபடி மெல்ல எடுங்கள். நெம்பி இழுத்தால் பிளாஸ்டிக் உடைந்து முனை துளைக்குள்ளேயே தங்கிவிடும். இது அடிக்கடி நேர்வது என்பதால், புதிய சென்சார் ஒன்றை முன்பே வாங்கி வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குவது நல்லது.

சென்சார் வெளியே வந்தவுடன், துருத்தூள் பேரிங்குக்குள் விழாதபடி துளையைச் சுத்தமான துணியால் அடைத்துவிடுங்கள். பிறகு பரப்பை உப்புத்தாளால் வெற்று உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேயுங்கள். சுழலும் கருவியை வைத்து இரும்பையே குடைந்துவிடாதீர்கள். பரப்பு சமமாக இருந்தால்தான் சென்சார் சரியாக அமரும். துருத்தடுப்புப் பூச்சை மிக மெல்லியதாகப் பூசிக் காயவிட்டு, அதன் மேல் சிறிது கிரீஸைத் தடவுங்கள். பூச்சு தடித்தால் அதுவே இடைவெளியைக் கூட்டிவிடும். காந்த முனையில் ஒட்டியிருக்கும் இரும்புத்தூளைத் துடைத்துவிட்டு, சென்சாரைக் கையால் அழுத்தி, அடிவரை படிந்ததைப் பார்த்த பின்பே போல்ட்டை முறுக்குங்கள். உப்பு இரண்டு பக்கத்திலும் ஒன்றுபோலவே பட்டிருக்கும் என்பதால் மறுபக்கத்தையும் அன்றே முடித்துவிடுங்கள்.

எல்லாவற்றையும் சர்வீஸ் கையேட்டில் கண்ட முறுக்குவிசைப்படி பூட்டுங்கள். சக்கர நட்டுகளுக்கு அது 190 நியூட்டன் மீட்டர். வண்டியை நகர்த்துமுன் மிதி கெட்டிப்படும்வரை சில முறை அழுத்துங்கள். பிறகு முதலில் சோதித்த அதே இடத்துக்குப் போய் மெதுவாக நிறுத்திப் பாருங்கள். துடிப்பு இன்னும் வருமானால், பல்வளையம் சேதமாகியிருக்கலாம். அது ஹப்புக்குள்ளேயே இருப்பதால் ஹப்பைச் சென்சாரோடு மாற்றுவதே வழி. துடிப்பு இல்லாமல் ஏபிஎஸ் விளக்கு மட்டும் எரிந்து சி0265 என்ற குறியீடு வந்தால், சென்சாரைத் திரும்பக் கழற்ற வேண்டாம். ஓட்டுநர் பக்கத்துக் கீழே சட்டத்தில் பூட்டியிருக்கும் ஏபிஎஸ் கணினியின் எர்த் கம்பி துருவேறியிருக்கிறதா என்று பார்த்து, அந்த முனையைச் சுத்தம் செய்து, சட்டத்தில் நல்ல இடமாகப் பார்த்துப் பூட்டுங்கள்.