பாய்லரை முதல்முறை பற்றவைக்கும் முன்

திருப்பூர்ச் சாயப்பட்டறையில் பாய்லர் ஓட்டுகிறேன். புதுசோ, மாதக்கணக்கில் நின்றதோ, முதலில் தண்ணீரைத்தான் பார்ப்பேன். நீர்மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயான கேஜ் கிளாஸில் பாதிக்கு நிற்கிறதே என்று நம்பிவிடாதீர்கள். அந்தக் குழாயின் வடிகால் வால்வைத் திறந்து மூடினால் மட்டம் சட்டென்று ஏறணும். தயங்கித் தயங்கி ஏறினால் வழியில் அடைப்பு.

எண்ணெய் டேங்கின் அடித்தண்ணீரை வடியுங்கள், எண்ணெய் வடிகட்டியான ஸ்ட்ரெய்னரைக் கழுவுங்கள். ஃபர்னஸ் ஆயில் 100 டிகிரி அளவுக்குச் சூடேறணும். இல்லாவிட்டால் பர்னரில் எண்ணெயைத் தெளிக்கும் மூக்கான நாசில் தூவாது, ஒழுகும். பாய்லருக்குள் இருக்கும் காற்று வெளியேறும் ஏர் வென்ட் திறந்தே இருக்கட்டும், நீராவி சீராக வரும்வரை.

பர்னர் பற்றாமல் நின்றால் ரீசெட்டை அமுக்கிக்கொண்டே இருக்காதீர்கள். உள்ளே தெளித்த எண்ணெய் ஆவியாகிக் காத்திருக்கும்; அடுத்த பொறிக்கு வெடிக்கும். அப்படி அவசரப்பட்டு ஒருமுறை என் புருவம் கருகியது. அந்த ஆவி வெளியேறும்படி, காற்றூதும் ப்ளோயரை நன்றாக ஓடவிட்டு, தீ எரிகிறதா என்று பார்க்கும் போட்டோசெல் கண்ணில் படிந்த கரியைத் துணியால் துடைத்துவிட்டு, அப்புறம் பொத்தானைத் தொடுங்கள்.