குளியலறையைப் புதுப்பிக்கிறீர்களா? டைல்ஸுக்கு அடியில் இருப்பதை முதலில் கவனியுங்கள்

குளியலறையைப் புதுப்பிக்க முடிவெடுத்தவர்கள் பெரும்பாலும் முதலில் டைல்ஸ் கடைக்குத்தான் போகிறார்கள். ஆனால் கீழ்த்தளத்துக் கூரையில் ஓதம் காட்டாமல் அந்த அறை பல ஆண்டுகள் உழைப்பது, டைல்ஸ் ஒட்டியபின் கண்ணில் படாமல் மறைந்துவிடும் குழாய்கள், தரை வாட்டம் (தண்ணீர் வடிவதற்கான சரிவு), நீர்த்தடுப்புப் பூச்சு ஆகியவற்றின் தயவில்தான். எனவே சோதித்துப் பார்க்காத எதையும் மூட அனுமதிக்காதீர்கள். கீழே உள்ள படிகளின் வரிசையும் இந்த ஒரு விதியை ஒட்டியே அமைந்திருக்கிறது.

படி 1: அளவும் இடமும்

கம்மோடு இப்போது இருக்கும் இடத்திலேயே இருக்க முடியுமானால் அங்கேயே விட்டுவிடுங்கள். அதன் கழிவுக் குழாய் ஏறத்தாழ 100 மி.மீ. பருமன் கொண்டது என்பதாலும், அதற்குத் தொடர்ச்சியான வாட்டம் வேண்டும் என்பதாலும், இடம் மாற்றினால் தரையை உயர்த்தவோ தளத்தை உடைக்கவோ நேரும். வாஷ் பேசினை நகர்த்துவது அவ்வளவு கடினமல்ல.

புதிய கம்மோடு வாங்குமுன், கழிவு தரை வழியாகப் போகிறதா (எஸ் டிராப்), சுவர் வழியாகப் போகிறதா (பி டிராப்) என்று பாருங்கள். தரை வழியாகப் போவதாக இருந்தால், பின்சுவரிலிருந்து கழிவுத் துளையின் நடுப்பகுதி வரை உள்ள தூரத்தை அளந்துகொள்ளுங்கள். சிமெண்ட் பூச்சு மட்டும் உள்ள சுவரிலிருந்து அளந்தால், பிறகு டைலும் பசையும் சேர்ந்து சில சென்டிமீட்டரைத் தின்றுவிடும் என்பதால், டைல் ஒட்டியபின் வரப்போகும் பரப்பிலிருந்தே கணக்கிட வேண்டும். கம்மோடின் நடுக்கோட்டிலிருந்து பக்கச் சுவருக்குக் குறைந்தது 38 செ.மீ., முன்புறம் 60 செ.மீ. இடைவெளி இருந்தால் உட்கார்ந்து எழச் சிரமம் இருக்காது.

படி 2: இடிப்பு

தண்ணீரின் பிரதான வால்வையும் மின்சாரத்தையும் நிறுத்திய பிறகே உளி படவேண்டும். எல்லாக் கழிவுத் துளைகளையும் துணியோ மூடியோ வைத்து அடைத்துவிடுங்கள். உள்ளே விழுந்த ஒரு பிடி சிமெண்ட் துண்டுகள், வேலை முடிந்து எல்லாம் மூடிய பிறகுதான் அடைப்பாக வெளிப்படும். மிகப் பழைய வீடுகளில் பலகைகளிலும் தரை விரிப்புகளிலும் ஆஸ்பெஸ்டாஸ் (உடைக்கும்போது தூசியாகி நுரையீரலைக் கெடுக்கும் நார்ப்பொருள்) இருக்கக்கூடும் என்பதால், ஐயம் எழுந்தால் உடைக்குமுன் சோதித்துக்கொள்ளுங்கள். சுவரில் ஓதம் தெரிந்தால், அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கும் வரை அடுத்த வேலைக்குப் போக வேண்டாம்.

படி 3: குழாய்களும் மின்கம்பிகளும்

சுவருக்குள் புதைக்கும் மிக்சர் (சுடுநீரையும் குளிர்நீரையும் கலப்பது), டைவர்ட்டர் (தண்ணீரை ஷவருக்கோ குழாய்க்கோ திருப்புவது) ஆகியவற்றின் உடற்பகுதியில் குறைந்தபட்ச, அதிகபட்ச ஆழக் குறிகள் இருக்கும். டைலின் வெளிப்பரப்பு அந்த இரண்டு குறிகளுக்கு இடையில் வந்து நிற்க வேண்டும். பிளம்பரும் டைல் ஒட்டுபவரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளாமல் வேலை செய்யும் இடம் இதுதான்; இருவரையும் ஒன்றாக நிற்கவைத்து, டைல், பசை, சிமெண்ட் பூச்சு மூன்றின் கனத்தையும் கூட்டிச் சொல்லிவிடுங்கள்.

பதித்து முடித்ததும் குழாய் முனைகள் அனைத்தையும் அடைத்து, கைப்பம்பால் வழக்கமான அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு ஏற்றி, அழுத்தமானியின் முள் சில மணி நேரம் இறங்காமல் நிற்கிறதா என்று பாருங்கள். சுவரை மூடுமுன் அளவு நாடாவை அருகில் பிடித்து ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து வையுங்கள். பின்னாளில் கண்ணாடி மாட்ட ஒரு துளை போடும்போது குழாய் எங்கே ஓடுகிறது என்று அந்தப் படம் சொல்லும். மின்வேலையைத் தகுதி பெற்ற மின்பணியாளரிடம் மட்டுமே கொடுங்கள். குளியலறை மின்சுற்றுக்கு 30 மில்லி ஆம்பியர் மின்கசிவிலேயே துண்டிக்கும் பாதுகாப்புக் கருவி கட்டாயம் வேண்டும்.

படி 4: வாட்டமும் நீர்த்தடுப்பும்

டைல்ஸ் இருக்கும்போது தண்ணீர் எப்படி இறங்கும் என்று பலர் கேட்பதுண்டு. டைல்ஸுக்கு இடையிலான இடைவெளிகளை நிரப்பும் சாதாரண சிமெண்ட் கிரவுட் தண்ணீரை உறிஞ்சக் கூடியது. அதன் வழியே இறங்கும் ஈரத்தைத் தடுத்து நிறுத்துவது அடியில் உள்ள நீர்த்தடுப்புப் பூச்சுதான். வாட்டமும் டைலில் மட்டும் இருந்தால் போதாது. பூச்சுக்கு அடியில் உள்ள தரையே மீட்டருக்கு 1 முதல் 2 செ.மீ. வரை வடிகாலை நோக்கிச் சரிந்திருந்தால்தான், உள்ளே இறங்கிய ஈரமும் தேங்காமல் வழிந்துபோகும்.

கசிவு பெரும்பாலும் தொடங்குவது தரையும் சுவரும் சேரும் மூலையிலும், குழாய் வெளியே வரும் இடத்திலும், வடிகால் வாயைச் சுற்றியுமே. மூலைகளைக் கூர்மையாக விடாமல் கலவையால் வளைத்து, நீர்த்தடுப்பு நாடா ஒட்டச் சொல்லுங்கள். முதல் பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகு, இரண்டாவதை அதற்குக் குறுக்குத் திசையில் தீட்ட வேண்டும். சுவர்களில் குறைந்தது 15 செ.மீ. உயரத்துக்கும், ஷவர் பகுதியில் ஷவர் தலையின் உயரம் வரைக்கும் பூச்சு ஏற வேண்டும்.

அது காய்ந்ததும் வடிகாலை அடைத்து, தரையில் சில சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் கட்டி, நீர்மட்டத்தைச் சுவரில் பென்சிலால் குறித்துவிட்டு 24 மணி நேரம் விடுங்கள். மட்டம் கண்ணுக்குத் தெரியும்படி இறங்கியிருந்தாலோ, கீழ்த்தளக் கூரையில் ஈரம் பட்டிருந்தாலோ, இப்போது சரிசெய்வது சிறிய வேலை. ‘இதெல்லாம் தேவையில்லைங்க’ என்று யார் சொன்னாலும் இந்தச் சோதனையை விட்டுக்கொடுக்காதீர்கள்.

படி 5: டைல்ஸ்

தரைக்கு வழுக்காத, மெருகில்லாத டைல்ஸையே தேர்ந்தெடுங்கள். தேவைக்கு மேல் 10 சதவீதம் சேர்த்து, எல்லாப் பெட்டிகளிலும் ஒரே தொகுதி எண் இருக்கும்படி வாங்குங்கள். ஒட்டும்போது, இடையில் ஒரு டைலை உடனே பெயர்த்துப் பார்த்தால், பின்புறம் முழுவதும் பசை பிடித்திருக்கிறதா என்பது தெரிந்துவிடும். சுவரும் தரையும் சேரும் மூலையில் கிரவுட் போட்டால், இரண்டு பரப்புகளும் தனித்தனியே அசைவதால் அது விரிந்துவிடும். அங்கே சிலிக்கோன் பசைதான் நிற்கும்.

படி 6: பொருத்துதல்

எக்ஸாஸ்ட் ஃபேனின் காற்று பொய்க்கூரைக்குள் அல்லாமல் வீட்டுக்கு வெளியே போக வேண்டும். எல்லாம் பொருத்தி முடிந்ததும், அத்தனை குழாய்களையும் ஒரே நேரத்தில் திறந்து, ஃப்ளஷும் செய்து, வாஷ் பேசினுக்கு அடியில் உள்ள ஒவ்வோர் இணைப்பையும் உலர்ந்த டிஷ்யூ காகிதத்தால் ஒற்றிப் பாருங்கள். காகிதம் எங்கே நனைந்தாலும் அந்த இணைப்பை அன்றே சரிசெய்யச் சொல்லி, கடைசித் தவணைப் பணத்தை அதன்பிறகு கொடுங்கள்.