எஸ்எஃப்டிபி இணைய மறுக்கிறதா? என்ன சொல்லி மறுக்கிறது என்று முதலில் பாருங்கள்

மாடி அறையில் உபுண்டு போட்ட பழைய கணினி, கீழே விண்டோஸ் மடிக்கணினி. தங்கை கல்யாணப் படங்கள் 60 ஜிபி மேலிருந்து கீழே வர வேண்டும். பென் டிரைவோடு படியேறி இறங்குவதை விட எஸ்எஃப்டிபி (நெட்வொர்க் வழியாகக் கோப்புகளை மறையாக்கி அனுப்பும் முறை) போட்டுவிடலாம் என்று உட்கார்ந்ததில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போய்விட்டது.

மேலே உள்ள கணினியில் ஓபன்எஸ்எஸ்எச் சர்வரை (எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான முறையில் வரும் இணைப்புகளை ஏற்கும் நிரல்; எஸ்எஃப்டிபி இதன் மேல்தான் ஓடுகிறது) நிறுவி, ஐபி முகவரியைக் குறித்துக்கொள்ளுங்கள். கீழே வின்எஸ்சிபி, அதாவது சர்வரோடு போய் இணையும் கிளையன்ட் நிரல். ஃபைல்ஜில்லாவும் போதும்தான், ஆனால் இரண்டு பக்கக் கோப்புறைகளையும் ஒத்திசைக்கும் வசதிக்காக நான் வின்எஸ்சிபியை விடமாட்டேன். அதில் எஸ்எஃப்டிபி, போர்ட் (இணைப்பு நுழையும் வாசலின் எண்) 22 என்று தேர்ந்தெடுங்கள். எஃப்டிபி என்பது வேறு சங்கதி. 21இல் ஓடும், கடவுச்சொல்லை அப்படியே திறந்து அனுப்பும்.

இணையவில்லையா? அமைப்புகளைக் கண்டபடி மாற்றாதீர்கள். திரையில் வந்த வாசகத்தைப் படியுங்கள்.

“கனெக்‌ஷன் டைம்ட் அவுட்” என்றால் எதிர்ப்பக்கத்திலிருந்து பதிலே வரவில்லை. முகவரி மாறியிருக்கலாம், ஃபயர்வால் தடுத்திருக்கலாம். ஒரு கணினி கெஸ்ட் வைஃபையில் இருந்தாலும் இப்படித்தான்; அதில் இருப்பவை மற்றவற்றைப் பார்க்க முடியாதபடி பல ரவுட்டர்கள் பிரித்து வைத்துவிடும். ரவுட்டரில் சர்வருக்கென்று ஒரு முகவரியை நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள். நான் ஒதுக்காததால் அடுத்த வாரமே மறுபடி தேட வேண்டியதாயிற்று.

“கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட்” என்றால் பெரும்பாலும் கணினி கிடைத்துவிட்டது, 22இல் கேட்பதற்குத்தான் ஆளில்லை. உபுண்டு டெஸ்க்டாப்பில் எஸ்எஸ்எச் சர்வர் தானாக வராது, கிளையன்ட் மட்டும்தான் இருக்கும். நிறுவினீர்களா, ஓடுகிறதா என்று பாருங்கள்.

என் ஞாயிற்றுக்கிழமையைத் தின்றது மூன்றாவது: “சர்வர் ரெஃப்யூஸ்ட் அவர் கீ”.

கடவுச்சொல்லுக்குப் பதில் சாவி வைத்துக்கொள்வோம் என்று ரகசியச் சாவி, பொதுச் சாவி என ஒரு ஜோடி உருவாக்கி, பொதுச் சாவியை மேலே இருக்கும் ஆத்தரைஸ்டு கீஸ் (யார் யார் சாவியை ஏற்கலாம் என்ற பட்டியல்) கோப்பில் ஒட்டினேன். நடுவில் உடையாமல் ஒரே வரியாகத்தான் இருந்தது. ஆனாலும் மறுப்பு. அனுமதிப் பிரச்சினையாக இருக்கும், எல்லாவற்றையும் திறந்துவிடுவோம் என்று என் ஹோம் கோப்புறைக்கே 777 (யார் வேண்டுமானாலும் படிக்கலாம், எழுதலாம் என்ற அனுமதி எண்) போட்டேன். பழைய வழக்கம், வேறென்ன. அதற்கப்புறம் நான்கு முறை புதுச் சாவி செய்தேன். எதற்கும் மசியவில்லை.

கடைசியில் மேலே போய், உள்நுழைவு முயற்சிகளைப் பதிந்து வைக்கும் ஆத்.லாக் கோப்பைத் திறந்தால் பதில் அங்கேயே இருந்தது: “பேட் ஓனர்ஷிப் ஆர் மோட்ஸ் ஃபார் டைரக்டரி”, அதாவது கோப்புறையின் உரிமையாளரோ அனுமதியோ சரியில்லை. வேறு யாரும் எழுதக்கூடிய இடத்தில் இருக்கும் சாவியை எஸ்எஸ்எச் நம்பாது. இன்னொருவர் தன் சாவியை அங்கே சொருகிவிடலாம் அல்லவா? ஆக, திறக்கத் திறக்க அது இன்னும் இறுக்கமாக மூடிக்கொண்டது. காரணத்தைக் கிளையன்ட் பக்கம் சொல்லவும் சொல்லாது. ஹோமுக்கு 755 (மற்றவர் படிக்கலாம், எழுத முடியாது), அதற்குள் புள்ளியில் தொடங்கும் எஸ்எஸ்எச் கோப்புறைக்கு 700, சாவிக் கோப்புக்கு 600 (இரண்டும் உரிமையாளருக்கு மட்டும்). போட்ட மறுநொடி உள்ளே விட்டது.

777 போடுவதற்கு முன்பே ஏன் மறுத்தது என்று கேட்பீர்கள். சாவிக் கோப்பை சூடோ (நிர்வாகி அதிகாரத்தில் ஓட்டும் கட்டளை) போட்டு உருவாக்கியிருந்தேன். உரிமையாளர் ரூட் என்ற நிர்வாகிக் கணக்கு, அதை வாசிக்கும் அனுமதி என் கணக்குக்கு இல்லை. அந்த 755, 700, 600 போடுவதற்கு முன்பே சோவ்ன் (உரிமையாளரை மாற்றும் கட்டளை) போட்டு என் பெயருக்கு மாற்றிக்கொண்டிருந்தேன்.

ஹோஸ்ட் கீ (சர்வர் தன்னை அடையாளம் காட்டும் சாவி) மாறிவிட்டதாக எச்சரிக்கை வந்தால், உபுண்டுவை மறுபடி நிறுவியவர்கள் தைரியமாக ஏற்கலாம். எதுவுமே செய்யாதவர்கள் ஏற்காதீர்கள். அந்த முகவரியில் இப்போது வேறு கருவி உட்கார்ந்திருக்கலாம்.

பின்சேர்க்கை: என் மைத்துனர் இதையே தலைகீழாக, விண்டோஸைச் சர்வராக்கிச் செய்து பார்த்தார். சர்வர் ஓடியது, கடவுச்சொல்லை மட்டும் ஏற்கவில்லை. போய்ப் பார்த்தால், தினமும் விண்டோஸைத் திறக்கும் நாலு இலக்கப் பின்னைத் தட்டிக்கொண்டிருக்கிறார்! பின் அந்தக் கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும்தான். எஸ்எஸ்எச்சுக்குக் கணக்கின் உண்மையான கடவுச்சொல் வேண்டும். அப்புறம் சாவிக்கு மாறினார், அதிலும் சிக்கல். அவருடையது அட்மின் கணக்கு. அட்மின்களின் சாவியை விண்டோஸ் அவரவர் கோப்புறையில் தேடாது. புரோகிராம்டேட்டாவுக்குள் இருக்கும் எஸ்எஸ்எச் கோப்புறையில், அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் ஆத்தரைஸ்டு கீஸ் என்ற தனிக் கோப்பில்தான் தேடும்.