நுகத்தடிப் புதிர்: ஐந்து அசைவுகளுக்கு எனக்கு மூன்று வாரம் ஆனது ஏன்?

மூன்று துளைகள் உள்ள ஒரு பலகைத் துண்டு, ஒரு கயிறு, இரண்டு வளையங்கள்: இந்தப் புதிரில் இவற்றைத் தவிர வேறொன்றும் இல்லை. நடுத்துளைக்கு இருபுறமும் தொங்கும் கயிற்றில் பக்கத்துக்கு ஒன்றாக வளையங்கள் இருக்கும். இரண்டையும் ஒரே பக்கத்துக்குக் கொண்டுவர வேண்டும். தக்கலையில் தச்சு வேலை செய்யும் என் சித்தப்பா, அயினிப் பலகையில் மிஞ்சிய துண்டில் இதைச் செய்து கொடுத்தார். நான் வளையத்தை நடுத்துளைக்குள் திணிக்க முயல்வதைப் பார்த்து, "மக்கா, அது ஓட்டைக்குள்ள போகாது" என்று சிரித்ததோடு சரி, வேறு துப்பு எதுவும் தரவில்லை.

பலகை 20 செ.மீ. நீளமும் 4 செ.மீ. அகலமும் இருந்தால் போதும். நடுத்துளை 12 மி.மீ., ஓரத் துளைகள் 5 மி.மீ. சிரட்டையில் அறுத்து உரசி எடுத்த 3 செ.மீ. வளையங்களே என் தேர்வு. திரைச்சீலை வளையமும் உதவும். கயிறு 3 மி.மீ. பருமனில், ஒரு மீட்டர் நீளத்தில் இருக்கட்டும். நம் ஊரில் எளிதாகக் கிடைக்கிறதே என்று தென்னங்கயிற்றை எடுக்காதீர்கள், அதன் பிசிர் துளையில் மாட்டிக்கொள்ளும். நைலான் கயிறு வளைத்த இடத்தில் நிற்காது. பின்னிய பருத்திக் கயிறுதான் கைக்கு அடங்கும்.

கயிற்றை நடுவில் மடித்து, மடிப்பைப் பின்பக்கமிருந்து நடுத்துளை வழியாக முன்னே இழுத்துக் கீழே இறக்குங்கள். இதை நடுக்கண்ணி என்போம். பின்னால் தொங்கும் இரு முனைகளையும் பலகையின் கீழ்விளிம்புக்கு அடியில் கொண்டுவந்து, நடுக்கண்ணிக்குள் பின்னிருந்து முன்னாக நுழைத்து இறுக்குங்கள். பிறகு முனைக்கொரு வளையம் கோத்து, முனைகளை ஓரத் துளைகளில் விட்டுப் பின்னால் முடிச்சிடுங்கள்.

இனித் தீர்வு. நடுக்கண்ணியைத் தளர்த்தி, இடப்பக்க வளையத்தை அதன் வழியாகப் பின்பக்கம் கொண்டுபோய், நடுத்துளையின் அருகே நிறுத்துங்கள். அடுத்து, பின்பக்கத்தில் துளையிலிருந்து வெளிவரும் இரு இழைகளையும் சேர்த்துப் பிடித்து இழுத்தால், நடுக்கண்ணி துளை வழியாகப் பின்னே வந்துவிடும். வரும்போது தன்னுள் கோத்திருக்கும் கயிறுகளையும் இழுத்துவந்து, இரண்டு கண்ணிகளாக நிறுத்தும்.

நான் மூன்று வாரம் நின்றுபோனது இந்த இடத்தில்தான். அதுவரை ஒரே கண்ணியாக இருந்த சிக்கல் திடீரென்று பெருகிவிட்டதைக் கண்டதும், தவறு செய்துவிட்டோம் என்று எண்ணி ஒவ்வொரு முறையும் பின்வாங்கினேன். ஒருமுறை துணிந்து தொடர்ந்தபோதும் வளையத்தை ஒரு கண்ணிக்குள் மட்டும் விட்டேன். அது துளையின் பின்னாலேயே சிக்கி நின்றது. இரண்டு கண்ணிகளுக்குள்ளும் விட வேண்டும். வளையம் எந்நேரமும் துளையைக் கடப்பதே இல்லை என்பதும், துளைக்குள் இருந்த கயிற்று வளைவுதான் வெளியே வந்து வளையத்துக்கு வழிவிடுகிறது என்பதும் அப்போதுதான் விளங்கியது. வளையம்தான் நகர வேண்டிய பொருள், கயிறு வெறும் பாதை என்று கண் முன்கூட்டியே தீர்மானித்துவிடுவதால், பாதையையே நகர்த்தலாம் என்று நமக்குத் தோன்றுவதில்லை.

அசைவுகளின் எண்ணிக்கை கடினத்தைக் காட்டாது. இத்தாலியக் கணிதவியலாளர் கார்டானோ 1550-இல் விவரித்த, கம்பியில் கோத்த வளையங்களைக் கழற்றும் சீன வளையப் புதிரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஒன்பது வளைய வடிவில் எல்லா வளையங்களையும் கழற்ற, ஒவ்வொன்றாக நகர்த்தினால், குறைந்தது 341 அசைவுகள் வேண்டும். ஆனால் அதன் விதி பிடிபட்டுவிட்டால் எஞ்சியது பொறுமைதான். இங்கே ஐந்தே அசைவுகள். அவற்றில் ஒன்று, செய்யும்போது பின்னடைவாகத் தெரிகிறது.

மீதியை விரைவாகச் சொல்லிவிடலாம். முன்பக்கத்திலிருந்து கயிறுகளை இழுத்து, கண்ணிகளை மீண்டும் முன்னே கொண்டுவாருங்கள். வளையம் இப்போது வலப்பக்க இழையில் இருக்கும். அதை நடுக்கண்ணி வழியாக முன்னே விட்டால் மற்ற வளையத்தோடு சேர்ந்துவிடும்.

பின்சேர்க்கை: படித்துவிட்டுச் செய்து பார்த்த இருவருக்குச் சிக்கல் வந்தது. ஒருவரின் நடுத்துளை 6 மி.மீ. மட்டுமே; ஒரே நேரத்தில் நான்கு இழைகளுக்கு மேல் அதற்குள் நெருங்குவதால் கண்ணிகள் வரவில்லை. மற்றவரால் வளையத்தைத் திரும்ப இடப்பக்கம் கொண்டுபோக முடியவில்லை. நடுவுக்கு அருகிலுள்ள வளையத்தைத்தான் முதலில் எடுக்க வேண்டும். இரு இழைகளையும் பிடித்து இழுப்பதற்கு முன், அவை ஒன்றையொன்று முறுக்கியிருந்தால் பிரித்துவிட வேண்டும்.