ஒரு நிழற்குடை, ஒரு டவுன் பஸ், ஒரு நோட்டு: பொதுப் போக்குவரத்தின் நீடித்த தன்மையை அளப்பது எப்படி?

சிவில் படிக்கும் பிள்ளைகள் இறுதியாண்டு புராஜெக்ட்டுக்கு வரும்போது, ‘பொதுப் போக்குவரத்தில் நீடித்த தன்மை’ (சஸ்டெய்னபிலிட்டி) என்று தலைப்பை மட்டும் கையில் வைத்திருப்பார்கள். எதை அளக்கப் போகிறீர்கள் என்று கேட்டால், சேலம் ஈரடுக்கு பஸ் ஸ்டாண்ட் முழுவதையும் என்பார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நானும் முதல் தடவை அப்படித்தான் இறங்கினேன். காலை ஏழு மணிக்குப் பழைய பஸ் ஸ்டாண்டில் போய் நின்று, பத்து மணிக்குள் இருபது பக்கம் எழுதித் தள்ளி, எதுவும் விளங்காமல் ஒரு டீயைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். போதாததற்கு அது தீபாவளிக்கு முந்தைய வாரம். அந்தக் கூட்டத்தை வைத்து எந்தக் கணக்கும் போட முடியாது.

அதனால் இங்கே சின்னதாக ஆரம்பிப்போம். உங்கள் வீட்டுப் பக்கத்தில் ஒரு பயணியர் நிழற்குடை, அங்கே நின்று போகும் ஒரு டவுன் பஸ். இந்த இரண்டு போதும். ஐந்து மீட்டர் டேப், கைபேசி, நோட்டு, தொப்பி, துணைக்கு ஒரு ஆள் இருந்தால் வேலையைத் தொடங்கிவிடலாம்.

படி 1: எதனால் வகுக்கப் போகிறீர்கள்?

டேப்பைத் தொடுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது இது. ‘இந்த பஸ் ஸ்டாண்டின் கூரையில் இத்தனை கிலோவாட் சோலார்’, ‘இத்தனை டன் கார்பன்’ என்று வரும் எண்களை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அவை உண்மையாகவே இருக்கலாம். ஆனால் எத்தனை பேருக்கு, எத்தனை வருடத்துக்கு, எத்தனை கிலோமீட்டருக்கு என்று வகுக்காதவரை அந்த எண் ஒன்றும் சொல்லாது. கட்டடத்துக்கு ஆண்டுகளால் வகுப்போம், பஸ்ஸுக்கு ஆள்-கிலோமீட்டரால். ஒரு ஆள் ஒரு கிலோமீட்டர் போனால் ஒரு ஆள்-கிலோமீட்டர். நோட்டின் முதல் பக்கத்தில் இதை எழுதிவிடுங்கள்.

படி 2: நிழற்குடையின் நிழல் எங்கே விழுகிறது?

எனக்குப் பிடித்த படி இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சேலத்து வெயிலில் பிற்பகல் மூன்றரை மணிக்கு மேற்கு பார்த்த ஒரு நிழற்குடைக்குப் போங்கள். பளபளவென்று ஸ்டீல் இருக்கைகள் இருக்கும், உட்கார ஆள் இருக்காது. நிற்கிறவர்கள் எல்லாம் நிழற்குடைக்குப் பின்னால், அல்லது பக்கத்து வேப்ப மரத்தடியில், அல்லது ஒரு மின்கம்பத்தின் நிழலில் வரிசையாக ஒல்லியாக நின்றுகொண்டிருப்பார்கள். சூரியன் கூரைக்குக் கீழே புகுந்துவிட்டது, நிழல் பின்பக்கம் விழுந்துவிட்டது.

அளப்பது எளிது. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டு எண்ணிக்கை எடுங்கள்: காத்திருப்பவர்கள் மொத்தம் எத்தனை பேர், அவர்களில் கூரை தரும் நிழலில் எத்தனை பேர். காலை 8 முதல் 10, பகல் 12 முதல் 1, மாலை 3 முதல் 5. மூன்று நாள் போதும். மரத்து நிழலில் நிற்பவர்களைத் தனியாக எழுதுங்கள். நிழற்குடைக்கு ஐந்து பேர், மரத்துக்குப் பன்னிரண்டு பேர் என்று வந்தால், அடுத்த எஸ்டிமேட்டில் ஸ்டீல் கூரைக்கு முன் எது வர வேண்டும் என்பது தானே தெரிந்துவிடும்.

அடுத்து டேப்பை எடுங்கள். நிழற்குடையின் தரை, சாலையைவிட எத்தனை சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது? பழைய சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டுக்கொண்டே வந்தால் சாலை உயர்ந்து, நிழற்குடை பள்ளமாகிவிடும். அப்புறம் ஒரு மழைக்கு உள்ளே குளம். தரைக்கும் சாலைக்கும் இடையே உள்ள வித்தியாசத்தை ஆண்டுக்கு ஒரு முறை குறித்து வைத்தால், அது இன்னும் எத்தனை தார் தாங்கும் என்று நீங்களே சொல்லலாம். சாய்தளம் இருந்தால் அதையும் அளங்கள். ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம் என்பது விதி. 45 சென்டிமீட்டர் உயரத்துக்கு 5.4 மீட்டர் சாய்தளம் வேண்டும். பல இடங்களில் சறுக்குமரம் மாதிரி ஒன்றைக் கட்டிவிட்டுச் சக்கர நாற்காலிப் படத்தை ஒட்டியிருப்பார்கள்.

படி 3: கட்டும்போதே செலவான கார்பன்

ஒரு கன மீட்டர் கான்கிரீட்டுக்குச் சுமார் 300 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். நம் ஊர் உலைகளில் வரும் ஸ்டீலுக்குக் கிலோவுக்கு 2 கிலோவுக்கு மேல். ஒரு நிழற்குடைக்கு 3 கன மீட்டர் கான்கிரீட்டும் 500 கிலோ ஸ்டீலும் என்று வைத்தால், மொத்தம் இரண்டு டன் பக்கம் வரும். இருபது வருடம் நின்றால் ஆண்டுக்கு 100 கிலோ. சாலையை அகலப்படுத்தும்போது ஐந்தாம் வருடமே இடித்துவிட்டால் ஆண்டுக்கு 400 கிலோ. அதே கம்பி, அதே சிமென்ட். மெட்டீரியலை மாற்றுவது பற்றி மணிக்கணக்காகப் பேசுகிறோம், இடிக்காமல் இருப்பது பற்றிப் பேசுவதில்லை.

படி 4: பஸ்ஸில் ஏறுங்கள்

ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் 2.68 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளிவரும். டவுன் பஸ் லிட்டருக்கு 5 கிலோமீட்டர் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். டெப்போவில் இதை கே.எம்.பி.எல். என்பார்கள். உங்கள் வழித்தடத்தின் உண்மையான எண் வேண்டுமானால் 2005-ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி கேட்கலாம். பதில் தர முப்பது நாள் அவகாசம் உண்டு. சரி, 5 என்றால் கிலோமீட்டருக்கு 536 கிராம்.

இப்போது ஆட்களை எண்ண வேண்டும். கூட்டத்தில் தலையை எண்ண முடியாது, முயற்சி செய்தால் கண்டக்டர் உங்களைச் செக்கிங் என்று நினைத்துக்கொள்வார். முன்கூட்டியே “அண்ணே, காலேஜ் புராஜெக்ட்” என்று சொல்லிவிடுங்கள், அவரே உதவுவார். ஒவ்வொரு ஸ்டேஜிலும் ஒரு குறி போட்டால் போதும்: பாதி சீட், முழு சீட், நிற்கிறார்கள், படியில் தொங்குகிறார்கள். பஸ்ஸின் சீட்டு எண்ணிக்கை தெரிந்தால் பிறகு இதை ஆளாக மாற்றிக்கொள்ளலாம்.

எடுத்துக்காட்டாக 8 கிலோமீட்டர் வழித்தடம். இரண்டு இரண்டு கிலோமீட்டராக 40, 55, 30, 10 பேர். ஆள்-கிலோமீட்டர் 80 + 110 + 60 + 20 = 270. வண்டி விட்ட கார்பன் 8 × 536 = 4,288 கிராம். வகுத்தால் ஒரு ஆளுக்குக் கிலோமீட்டருக்கு 16 கிராம். லிட்டர் பெட்ரோலுக்கு 45 கிலோமீட்டர் தரும் மொபெட்டில் தனியாகப் போனால் 51 கிராம். பிரமாதம்!

அவசரப்படாதீர்கள். அதே பஸ் திரும்பி வரும்போது பத்துப் பேரோடு வருகிறது. 80 ஆள்-கிலோமீட்டர், அதே 4,288 கிராம், ஆளுக்கு 54 கிராம். மொபெட்டைவிட அதிகம். போக வர இரண்டையும் சேர்த்தால் 24.5 கிராம், அதாவது ஒரு மொபெட்டில் இரண்டு பேர் போவதற்குச் சமம். பிள்ளைகள் கொண்டுவரும் கணக்குகளில் நான் அதிகம் பார்த்த தப்பு இதுதான்: காலையில் ஜங்ஷன் பக்கம் நிறைந்து போகும் பஸ்ஸை மட்டும் எண்ணிவிட்டு வந்துவிடுவார்கள்.

மின்சார பஸ் என்றால்? கிலோமீட்டருக்குச் சுமார் ஒரு யூனிட், ஏசி இருந்தால் இன்னும் கூடும். இந்திய மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய 0.7 கிலோ கார்பன். மத்திய மின்சார ஆணையம் ஆண்டுதோறும் இந்த எண்ணை வெளியிடுகிறது. ஆக கிலோமீட்டருக்கு 700 கிராம், டீசலின் 536-ஐவிடக் கூடுதல். இதைப் பார்த்துவிட்டு மின்சார பஸ் வேண்டாம் என்று எழுதாதீர்கள். ஸ்டாண்டில் நிற்பவர் மூக்குக்குப் புகை இல்லை, சத்தம் இல்லை, காற்றாலையும் சோலாரும் கூடக் கூட அந்த 0.7 குறையும். இன்றைய நிலையில் புகை நம் பஸ் ஸ்டாண்டைவிட்டு மேட்டூர் அனல்மின் நிலையம் மாதிரியான இடங்களுக்குக் குடிபோகிறது, அவ்வளவுதான். எண்ணைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் வருடத்தையும் போடுங்கள்.

படி 5: ஒரே ஒரு கேள்வி

பயணிகளிடம் பத்துக் கேள்வி கேட்காதீர்கள், இறங்கிப் போய்விடுவார்கள். ஒன்று போதும்: “இந்த பஸ் இல்லைன்னா எதுல போவீங்க?”

பைக்கில் என்பவரால் கார்பன் குறைகிறது. ஷேர் ஆட்டோ என்பவராலும் கொஞ்சம். ஆனால் பூக்கூடையோடு ஏறும் அக்கா, “போகவே மாட்டேன் தம்பி” என்பார். 2021 மே மாதம் முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆன பிறகு இந்தப் பதிலை அதிகம் கேட்கலாம். கார்பன் கணக்கில் இவரால் மிச்சம் எதுவும் இல்லை. ஆனால் அவர் கடைவீதிக்கு வந்து பூ விற்கிறாரே, அதை எந்த நெடுவரிசையில் போடுவது? தனி நெடுவரிசையில்தான். கார்பனோடு கலக்கக் கூடாது.

படி 6: காத்திருக்கும் நேரம்

ஐ.நா.வின் நீடித்த வளர்ச்சி இலக்குகளில் 11.2 என்று ஒன்று உண்டு. பஸ் நிறுத்தம் 500 மீட்டருக்குள் இருந்தால் வசதி என்று கொள்கிறது. நேர்க்கோட்டில் அளக்காமல் நடந்தே அளங்கள். நடுவில் நான்கு வழிச் சாலை வந்தால் அந்த 500 மீட்டர் எளிதாக இரண்டு மடங்காகும்.

தூரம் சரியாக இருந்தாலும் நேரம் சரியாக இருக்காது. மணிக்கு இரண்டு பஸ், அரை மணிக்கு ஒன்று என்றால் சராசரியாக 15 நிமிடம் காத்திருப்போம். அதே இரண்டு பஸ்ஸும் பத்து நிமிட இடைவெளியில் வந்துவிட்டு அடுத்த ஐம்பது நிமிடம் வராவிட்டால்? நீண்ட இடைவெளியில்தான் அதிகம் பேர் வந்து மாட்டுவார்கள், அதனால் இடைவெளிகளை வர்க்கமாக்கிக் கூட்ட வேண்டும். 10-இன் வர்க்கம் 100, 50-இன் வர்க்கம் 2,500. கூட்டி, மொத்த 60 நிமிடத்தின் இரு மடங்கான 120-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 22 நிமிடம். பஸ் கூடவில்லை, குறையவில்லை, டீசலும் அதே. “வராது, வந்தா ரெண்டா வரும்” என்று நிறுத்தத்தில் புலம்புகிறார்களே, அதற்கான கணக்கு இது. பஸ் வந்த நேரத்தை மட்டும் குறித்தால் போதும், மீதியை வீட்டில் போட்டுக்கொள்ளலாம்.

படி 7: ஏற்காட்டு பஸ்ஸுக்கு இந்தக் கணக்கு செல்லாது

அடிவாரம் தாண்டி இருபது கொண்டை ஊசி வளைவு ஏறும் பஸ்ஸுக்கு லிட்டருக்கு 5 என்று போட்டீர்களானால் கணக்கு கவிழ்ந்துவிடும். ஆட்களோடு 12 டன் எடையுள்ள பஸ், வசதிக்காக 1,000 மீட்டர் ஏற்றம் என்று வைத்துக்கொள்வோம். தூக்குவதற்கு மட்டும் சுமார் 33 யூனிட் ஆற்றல். ஒரு லிட்டர் டீசலில் 10 யூனிட், அதில் எஞ்சின் பயன்படுத்துவது மூன்றில் ஒரு பங்கு. ஆக உயரத்துக்கு மட்டுமே 10 லிட்டர், தூரத்துக்கு ஆகும் டீசல் தனி. இறங்கும்போது அந்த ஆற்றலில் பெரும்பகுதி பிரேக்கிலும் எஞ்சினிலும் சூடாகப் போகிறது. மின்சார பஸ்ஸாக இருந்தால் அதில் ஒரு பங்கைப் பேட்டரிக்குத் திருப்ப முடியும். சமவெளியில் சுமாராகத் தெரிந்த மின்சார பஸ் மலையில் நன்றாகத் தெரிவது இதனால்தான்.

அப்புறம், நாகலூர், வெள்ளக்கடை மாதிரி மலை ஊர்களுக்கு ஆளுக்கு எத்தனை கிராம் என்று மட்டும் பார்த்தால் பஸ்ஸையே நிறுத்தச் சொல்வீர்கள். எஸ்டேட் வேலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் அந்த பஸ்தான். அங்கே முதல் எண்ணாக எழுத வேண்டியது, கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பது.

படி 8: நோட்டை மூடும் முன்

நிழலில் நின்றவர் பங்கு, ஆண்டுக்கு எத்தனை கிலோ, ஆள்-கிலோமீட்டருக்கு எத்தனை கிராம், பஸ் இல்லாவிட்டால் வரமாட்டேன் என்றவர்கள், சராசரிக் காத்திருப்பு. ஐந்து வரி. நூற்றுக்கு எழுபத்திரண்டு என்று ஒரே மதிப்பெண்ணாக இதைக் கூட்டச் சொல்லி யாராவது கேட்பார்கள். கூட்டாதீர்கள். ஐந்தையும் அப்படியே வார்டு கவுன்சிலரிடமோ கிராம சபையிலோ கொடுங்கள். நிழல் என்ற வரிக்கு ஒருவர் பதில் சொல்வார், பஸ் நேரம் என்ற வரிக்கு வேறொருவர்.

தேதியையும் வானிலையையும் எழுத மறக்க வேண்டாம். நிழல் கணக்கை மட்டும் வருடத்துக்கு இரண்டு தடவையாவது எடுங்கள். நம் ஊர் இருக்கும் இடத்தில் மே மாத நடுப்பகலில் சூரியன் உச்சிக்குச் சற்று வடக்கே இருக்கும், நிழல் தெற்கே விழும். மார்கழியில் அதே நிழல் வடக்கே நீண்டு கிடக்கும். மே மாதம் அளந்த நிழற்குடையும் மார்கழியில் அளந்த நிழற்குடையும் ஒன்றே அல்ல.