பிரிட்டனில் வீட்டுத் தொலைபேசி: பில் எங்கே ஏறுகிறது, ஊர் அழைப்பு எங்கே தடைபடுகிறது

பிரிட்டனுக்கு வந்து வாடகைக்கு வீடு பிடித்ததும் முதலில் எடுப்பது பிராட்பேண்ட் இணைப்பு. அதற்கு விண்ணப்பிக்கும்போதே ஒரு கேள்வி வரும்: வீட்டுத் தொலைபேசியும் சேர்த்து வேண்டுமா? தனியாகவோ கணவன் மனைவியாகவோ வந்திருப்பவர்களுக்கு என் பதில், வேண்டாம் என்பதுதான். இங்கே மலிவான சிம் திட்டங்களிலேயே உள்நாட்டு அழைப்புகளுக்கு வரம்பு கிடையாது. வயதான பெற்றோருடன் இருப்பவர்கள், வீட்டுக்குள் கைபேசி சிக்னல் எட்டாதவர்கள், வாட்ஸ்அப் பழகாத அம்மம்மா ஊரிலிருந்து அழைக்க மாறாத ஓர் எண் வேண்டும் என்பவர்கள் மேலே படியுங்கள். இன்னொரு சிறு லாபமும் உண்டு. முகவரிச் சான்று கேட்கும் பல இடங்களில் கைபேசி பில்லை ஏற்கமாட்டார்கள், வீட்டுத் தொலைபேசி பில்லை ஏற்பார்கள்.

விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருக்கும் மாதக் கட்டணத்தை வைத்து நிறுவனங்களை ஒப்பிட்டுப் பயனில்லை. 2016 அக்டோபர் முதல் லைன் வாடகையையும் சேர்த்துத்தான் விலையை விளம்பரம் செய்ய வேண்டும் என்பது விதி. அதனால் அந்தத் தொகைகள் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று பக்கத்தில்தான் இருக்கும். வித்தியாசமெல்லாம் அந்தத் தொகைக்குள் அடங்காத அழைப்புகளில் இருக்கிறது. ஒவ்வொரு நிறுவனமும் தன் இணையதளத்தில் கட்டணப் பட்டியல் ஒன்றை வைத்திருக்கும். தேடிப் பிடிக்கக் கொஞ்சம் பொறுமை வேண்டும். ஆனால் விற்பனையாளர் சொல்லும் எதையும்விட அந்தப் பட்டியல் முக்கியம்.

அதில் முதலில் பார்க்க வேண்டியது, அழைப்புத் தொடக்கக் கட்டணம். பேசும் நிமிடத்துக்கு வாங்குவது போக, மறுமுனையில் எடுத்த உடனேயே ஒரு தொகை விழும். எடுத்தது மனிதரா, பதிவுக் குரலா என்று பில் பார்ப்பதில்லை. பல நிறுவனங்கள் நொடிகளை முழு நிமிடமாக்கிக் கணக்கிடுகின்றன. ஒரு நிமிடம் ஐந்து நொடி பேசினால் இரண்டு நிமிடம். எனவே "பேசியதற்கு மட்டும் கட்டுங்கள்" என்ற அடிமட்டத் திட்டம், மாதத்தில் ஓரிரு அழைப்பு செய்பவருக்கே லாபம். அடிக்கடி பேசும் வீட்டுக்கு, எந்நேரமும் பேசலாம் என்ற திட்டமே முடிவில் மலிவாக இருக்கும். அதிலும் ஒரு கண்ணி உண்டு. பெரும்பாலான திட்டங்களில் ஓர் அழைப்பு அறுபது நிமிடம் வரைதான் இலவசம். அறுபத்தொன்றாவது நிமிடத்தில் மீட்டர் ஓடத் தொடங்கும். நம்மவர்களின் ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு ஒரு மணி நேரத்தில் முடிகிற பேச்சா? ஐம்பத்தைந்தாவது நிமிடத்தில் வைத்துவிட்டு மறுபடி எடுங்கள். இங்கே பிறந்த பிள்ளைகள் சிரிப்பார்கள், பில் வரும்போது சிரிக்கமாட்டார்கள்.

எண்ணின் முதல் இலக்கங்களைப் படிக்கப் பழகுங்கள். 01, 02, 03 என்று தொடங்குபவை சாதாரண எண்கள், திட்டத்துக்குள் அடங்கும். 0800, 0808 இலவசம். 084, 087 என்று தொடங்கினால் இரண்டு கை நீட்டும். உங்கள் நிறுவனம் தன் பங்குக்கு ஒரு நிமிடக் கட்டணம் வாங்கும், நீங்கள் அழைக்கும் எண்ணை வைத்திருப்பவர் சேவைக் கட்டணம் வாங்குவார். 2015 ஜூலையில் வந்த முறை இது. சேவைக் கட்டணம் 084க்கு நிமிடத்துக்கு 7 பென்ஸ் வரையும் 087க்கு 13 பென்ஸ் வரையும் போகலாம். உங்கள் நிறுவனத்தின் பங்கு தனி, அது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அதிகக் கட்டண எண்களான 09 பக்கமே போகாதீர்கள். 070 பார்வைக்குக் கைபேசி எண் போலத் தெரியும், ஆனால் அழைப்பை வேறோர் எண்ணுக்குத் திருப்பிவிடும் எண் அது, கைபேசி எண் அல்ல. 118 என்று தொடங்கும் எண் விசாரணைச் சேவைகளுக்கு 2019இல் தொலைத்தொடர்பைக் கண்காணிக்கும் ஆஃப்காம் அமைப்பு உச்சவரம்பு வைத்தது. அந்த உச்சவரம்பே 90 நொடிக்கு 3 பவுண்டு 65 பென்ஸ்! இணையத்தில் இலவசமாகத் தேடக்கூடிய ஒரு எண்ணுக்கு இந்த விலை.

"வரம்பற்ற அழைப்பு" என்றால் பிரிட்டனுக்குள் என்று பொருள். இலங்கைக்கோ இந்தியாவுக்கோ வீட்டுத் தொலைபேசியில் நேரடியாகச் சுழற்றினால் தனிக் கட்டணம், அதுவும் தாராளமான கட்டணம். வெளிநாட்டு அழைப்புக்கான கூடுதல் திட்டம் எடுப்பதென்றால் இரண்டு கேள்விகள் கேளுங்கள். பட்டியலில் உங்கள் நாடு இருக்கிறதா? அந்த நாட்டின் கைபேசி எண்களும் அடங்குமா, தரைவழி எண்கள் மட்டுமா? ஊரில் இப்போது பெரும்பாலும் கைபேசிதான் என்பதால் இரண்டாவது கேள்வியில்தான் பணம் போகிறது. விருந்தினர் வந்து தங்கும் வீடாக இருந்தால், வெளிநாட்டு அழைப்பையும் 09 எண்களையும் அடைத்துவைக்க முடியுமா என்றும் கேட்டுவிடுங்கள்.

முதல் பில்லைக் கண்டு பதறவேண்டாம். இணைப்பு வந்த நாளிலிருந்து மாதக் கணக்கு தொடங்கும் நாள் வரையுள்ள தொகையும், அடுத்த மாதத்துக்கான முன்பணமும் சேர்ந்தே அது வரும். வாடகை ஒப்பந்தம் ஒரு வருடத்துக்கும் தொலைபேசி ஒப்பந்தம் இரண்டு வருடத்துக்கும் இருந்தால்தான் பதறவேண்டும். இடையில் வெளியேறினால் அபராதம் உண்டு. கையெழுத்திட்ட பின் மனம் மாறினால் பதினான்கு நாள் அவகாசம் இருக்கிறது. 2025 ஜனவரி 17க்குப் பிறகு செய்யும் ஒப்பந்தங்களில், இடையில் விலை ஏறுவதானால் எத்தனை பவுண்டு, எத்தனை பென்ஸ் என்று முன்கூட்டியே எழுதித் தரவேண்டும். பணவீக்கத்தோடு முடிச்சுப் போட்ட பழைய வாசகம் செல்லாது. வேறு நிறுவனத்துக்கு மாறும்போது பழையவரிடம் நீங்களாகப் போய் இணைப்பைத் துண்டிக்காதீர்கள், எண் பறிபோகலாம். 2024 செப்டம்பர் முதல் புதியவரிடம் சொன்னாலே போதும், மிச்சத்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

இனி அழைப்புத் தடுப்பு. வீட்டு எண் வாங்கிய சில நாள்களில் உங்கள் கணினியில் வைரஸ் என்றும், வருமான வரி பாக்கி என்றும், விசாவில் சிக்கல் என்றும் அழைப்புகள் வரத் தொடங்கலாம். விசா மிரட்டல் புதிதாக வந்தவர்களைக் குறிவைத்தே வருகிறது. உள்துறை அலுவலகம் தொலைபேசியில் அபராதம் கேட்பதில்லை, வைத்துவிடுங்கள். வங்கி என்று சொல்லி யாராவது அழைத்தால் வைத்துவிட்டு, 159ஐச் சுழற்றி உங்கள் வங்கியோடு பேசுங்கள். விற்பனை அழைப்பு வேண்டாம் என்பவர்களுக்கான டெலிபோன் ப்ரிஃபரன்ஸ் சர்வீஸ் என்ற பதிவேட்டில் எண்ணை இலவசமாகச் சேர்க்கலாம். சட்டத்துக்குப் பயப்படும் விற்பனையாளர்கள் 28 நாளில் ஓய்வார்கள், மோசடிக்காரர்கள் அதைச் சட்டை செய்வதில்லை.

அவர்களுக்காகத்தான் நிறுவனங்களின் தடுப்புச் சேவைகள். பி.டி.யின் கால் ப்ரொடெக்ட், ஸ்கையின் டாக் ஷீல்ட், டாக்டாக்கின் கால்சேஃப் எல்லாமே கூடுதல் கட்டணமில்லாதவை. அழைப்பவர் எண்ணைத் திரையில் காட்டவும் 2018 அக்டோபரிலிருந்து யாரும் பணம் கேட்கக்கூடாது. ஆகவே இவற்றை விலையால் ஒப்பிட முடியாது, தடுக்கும் விதத்தால்தான் ஒப்பிட வேண்டும். தொல்லை எண்களைக் குப்பைப் பெட்டிக்கு அனுப்புவது ஒரு வகை. அழைப்பவரின் பெயரைச் சொல்லச் சொல்லி, உங்களிடம் கேட்டுவிட்டு இணைப்பது இன்னொரு வகை. வெளிநாட்டு எண்கள் அனைத்தையும், அல்லது எண் மறைத்த அழைப்புகள் அனைத்தையும் ஒரே பொத்தானில் அடைப்பது மூன்றாவது.

நமக்கு ஆபத்து இந்த மூன்றாவதில்தான். வெளிநாட்டு எண்களை அடைத்தால் ஊரும் அடைபடும். எண் மறைத்தவற்றை அடைத்தால் மருத்துவமனை அடைபடலாம், என்.எச்.எஸ். என்ற அரசு மருத்துவச் சேவையின் மருத்துவமனைகளிலிருந்து வரும் அழைப்புகளில் பல எண் காட்டாதவை. பெயர் கேட்கும் முறையும் சிலருக்குச் சிக்கல். லண்டன் ஹாரோவில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் இப்படிப் பெயர் கேட்கும் தொலைபேசிக் கருவி வாங்கி வைத்தார்கள். வவுனியாவிலிருந்து அழைத்த பெரியம்மாவுக்கு முதலில் கேட்டது ஓர் ஆங்கிலக் குரல். யாரோ வெள்ளைக்காரர் வீட்டுக்குப் போய்விட்டது என்று நினைத்து வைத்துவிட்டார். மகள் எண்ணை மாற்றிவிட்டாள், சொல்லவும் இல்லை என்று குடும்பத்துக்குள் மனக்கசப்பே வந்துவிட்டது. சேவையை இயக்குவதற்கு முன்பே ஊர் எண்களை அனுமதிப் பட்டியலில் ஏற்றுங்கள். +94, +91 என்று முழுதாக ஏற்றினாலும் அங்கிருந்து வரும் அழைப்பு சிலநேரம் எண்ணில்லாமலோ வேறு எண்ணிலோ தெரியும் என்பதால், ஒரு தடவை ஊரிலிருந்து அழைக்கச் சொல்லிச் சோதித்துப் பாருங்கள்.

பழைய செம்புக் கம்பித் தொலைபேசி வலையமைப்பை 2027 ஜனவரியோடு மூடுகிறார்கள். இப்போது எடுக்கும் இணைப்பு அநேகமாக இணையம் வழியாகவே வரும். மின்சாரம் போனால் தொலைபேசியும் போகும், அவசர உதவி எண்ணான 999ஐக்கூட அழைக்க முடியாது. வீட்டில் முதியவர் கழுத்தில் அவசர அழைப்புப் பொத்தான் அணிந்திருந்தாலோ, கைபேசி சிக்னல் இல்லாவிட்டாலோ இணைப்பு எடுக்கும்போதே சொல்லுங்கள். குறைந்தது ஒரு மணி நேரமாவது தாங்கும் மாற்று ஏற்பாட்டை நிறுவனம் இலவசமாகத் தரவேண்டும். தொலைபேசியின் வயரைச் சுவரில் உள்ள பழைய சாக்கெட்டில் செருகினால் சத்தமே வராது, ரவுட்டரின் பின்புறத்தில்தான் செருக வேண்டும்.