குவாரிச் சுவரின் உறுதியை மதிப்பிடும் முறை

கோலாலம்பூரைச் சுற்றியுள்ள ரவாங், காஜாங், செமினி வட்டாரங்களின் கருங்கல் குவாரிகளில் கல்லின் வலிமை பெரும்பாலும் கேள்விக்குரியதாக இருப்பதில்லை. சிதைவுறாத கிரானைட் 100 மெகாபாஸ்கலுக்கு மேற்பட்ட அழுத்தத்தைத் தாங்கும். ஆயினும் 2003 நவம்பர் 26 அன்று புக்கிட் லாஞ்சானில் கிரானைட் சரிவு இடிந்து விழுந்து, புதிய கிள்ளான் பள்ளத்தாக்கு நெடுஞ்சாலை பல மாதங்கள் அங்கே மூடப்பட்டுக் கிடந்தது. கட்டிகள் நழுவுவது பாறையை ஊடறுக்கும் பிளவுத் தளங்களின் வழியே என்பதால், மதிப்பீட்டையும் அவற்றிலிருந்தே தொடங்க வேண்டும்.

முதலில் தூரத்தில் நின்று, தொங்கலாக நிற்கும் கட்டிகளைக் கவனியுங்கள். அவை அகற்றப்படும்வரை சுவரடிக்குச் செல்லக் கூடாது. பிறகு அடிவாரம் நெடுக அளவு நாடாவை விரித்து, அதை வெட்டும் ஒவ்வொரு பிளவின் சாய்வுக் கோணம், சாய்வுத் திசை, நீளம், அடுத்த பிளவுவரையிலான இடைவெளி, உள்ளே நிரம்பியுள்ள பொருள், கசிவு ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். கிடையாக விரித்த நாடா கிடைப் பிளவுகளைத் தவறவிடும். கிரானைட்டில் மலைச்சரிவுக்கு இணையாக ஓடும் படலப் பிளவுகள் இப்படித்தான் பதிவேட்டுக்கு வராமல் போகின்றன. ஆகவே செங்குத்தாகவும் ஒரு கோட்டில் அளக்க வேண்டும். எட்டாத உயரத்திற்கு டிரோன் படங்கள் உதவும். இங்கே காந்த விலக்கம், அதாவது காந்த வடக்குக்கும் உண்மையான வடக்குக்கும் உள்ள கோண வித்தியாசம், ஒரு பாகைக்கும் குறைவு என்பதால் திருத்தம் தேவைப்படாது. எக்ஸ்கவேட்டரின் இரும்பு முள்ளை இழுத்துவிடும் என்பதால், அதன் அருகில் நின்று திசைகாட்டியைப் படிப்பதுதான் அளவைப் பிழையாக்கும்.

பிளவுக்குள் வெள்ளைக் களிமண் தென்பட்டால், அதாவது கிரானைட்டிலுள்ள ஃபெல்ட்ஸ்பார் என்னும் கனிமம் சிதைந்து உருவான கயோலின் இருந்தால், அதைத் தனியே குறியுங்கள். விரலால் தேய்த்தால் வழுக்கும் அந்தப் படலம் சில மில்லிமீட்டர் தடிப்பில் இருந்தாலும், கல்லின் சொரசொரப்பு தரும் பிடிப்பைப் பெருமளவு இல்லாமல் ஆக்கிவிடக்கூடும்.

அளவுகளை ஸ்டீரியோநெட்டில், அதாவது தளங்களின் சாய்வையும் திசையையும் ஒரே வட்டத்தில் காட்டும் வரைபடத்தில், இட்டு மூன்று வகைச் சரிவுகளைத் தேடுங்கள். ஒரு பிளவு சுவர் நோக்கும் திசையிலேயே, ஏறத்தாழ 20 பாகை வித்தியாசத்துக்குள், சுவரைவிடக் குறைவாகவும் உராய்வுக் கோணத்தைவிட (கல்மேல் கல் நழுவத் தொடங்கும் சாய்வைவிட) அதிகமாகவும் சாய்ந்திருந்தால் தளச் சரிவு நேரலாம். இரண்டு பிளவுகள் வெட்டிக்கொள்ளும் கோடு அவ்வாறு சுவரில் வெளிப்பட்டால் அது ஆப்புச் சரிவு. செங்குத்துக்கு நெருங்கிய பிளவுகள் சுவரின் உட்புறமாகச் சாய்ந்திருந்தால் பாறைத் தூண்கள் முன்புறம் கவிழக்கூடும்.

உராய்வுக் கோணத்தை அறிய, ஒரே பிளவின் இரு முகங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மேல்கல் நழுவும்வரை மெல்லச் சாய்த்துப் பாருங்கள். நழுவத் தொடங்கும் கோணமே தொடக்க மதிப்பு. களிமண் நிரம்பிய பிளவுக்கு இது பொருந்தாது, ஆய்வகச் சோதனைதான் வேண்டும்.

கணக்கு எளியது. பிளவு 30 பாகை சாய்ந்து, உராய்வுக் கோணம் 35 பாகையாக இருந்து, இரு முகங்களையும் ஒட்டிப் பிடிக்கும் ஒட்டுத்திறன் ஏதுமில்லை எனக் கொண்டால், உலர்ந்த நிலையில் பாதுகாப்புக் காரணி, அதாவது நழுவலைத் தடுக்கும் விசைக்கும் நழுவச் செய்யும் விசைக்கும் உள்ள விகிதம் (ஒன்றுக்குக் கீழே போனால் கட்டி நழுவும்), 35 பாகையின் டான் மதிப்பை 30 பாகையின் டான் மதிப்பால் வகுத்தால் வரும் 1.21. மழைக்குப் பின் பிளவில் தேங்கும் நீர், கட்டி தளத்தை அழுத்தும் விசையில் ஐந்தில் ஒரு பங்கைத் தூக்கிவிட்டால் அது 0.97 ஆகிறது. கல்லும் அதேதான், கோணமும் அதேதான், சுவர் மட்டும் நிற்காது. மாலையில் இடிமழை கொட்டும் ஊரில் வெயில் காய்ந்த நாளின் கணக்கை மட்டும் கோப்பில் வைப்பது, என் கருத்தில், கணக்கே போடாததற்குச் சமம். கனமழைக்கு மறுநாள் காலையில் சென்று கசிவுகளைக் குறியுங்கள். வடிகால் துளைகளை எங்கே இடுவது என்பதையும் அவையே காட்டிவிடும். பத்துமலைப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல்லில் கரைந்து உருவான குகைகளையும் கால்வாய்களையும் கூடுதலாகத் தேட வேண்டும்.

குவாரிச் சுவரில் வெட்டப்படும் தற்காலிகப் படிகளுக்குப் பாதுகாப்புக் காரணி பொதுவாக 1.2 முதல் 1.3 வரையும், கீழே சாலையோ கட்டடமோ இருந்தால் 1.5-உம் எதிர்பார்க்கப்படுகிறது. அதன்பின் கண்காணிப்பு. மேல்விளிம்பில் தெரியும் வெடிப்பின் இருபுறமும் முளை அடித்து இடைவெளியை நாள்தோறும் அளந்து வரைபடமாக்குங்கள். வேகம் சீராக இருப்பதைவிட, நாளுக்கு நாள் கூடுவதே அபாயக் குறி. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலுள்ள பிங்கம் கேன்யன் சுரங்கத்தில் 2013 ஏப்ரல் 10 அன்று மாபெரும் சரிவு நிகழ்ந்தும் ஒருவருக்கும் காயமில்லை. அசைவு கூடுவதைக் கருவிகள் காட்டியதால் ஆட்களை முன்னதாகவே வெளியேற்றியிருந்தார்கள்.

ஒவ்வொரு வெடிவைப்புக்குப் பின்னும் சுவர் புதிதாகிறது, அதுவரை மறைந்திருந்த பிளவுகள் வெளிப்படுகின்றன. பழைய ஸ்டீரியோநெட்டில் அவற்றைச் சேர்த்த பிறகே அடுத்த படியின் கோணத்துக்கு ஒப்புதல் தர வேண்டும்.